ரைடர் கோப்பையில் ஐரோப்பா எப்படித் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது?

கேள்வி இது: “நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையை, 2025 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்தபோது மூன்று நாளும் பார்த்தேன். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவர் அமெரிக்க அணியில். மைதானமும் கூட்டமும் அமெரிக்காவுடையவை. ஆனாலும் ஐரோப்பா ஜெயித்தது. கோல்ஃப் தனி ஆள் ஆடுகிற ஆட்டம்தானே, அதில் அணி என்பதற்கு என்ன அர்த்தம்? ஐரோப்பா எப்படித் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது?”

நீங்கள் கவனித்தது சரிதான். 1985 முதல் 2025 வரை நடந்த 20 போட்டிகளில் ஐரோப்பா 13, அமெரிக்கா 6, ஒன்று சமன். இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. இந்த 40 வருடத்தில் பெரும்பாலும், பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அமெரிக்க அணிதான் பலமானது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவரிசை அளப்பது ஒரு ஆட்டத்தை, ரைடர் கோப்பையில் நடப்பது வேறொரு ஆட்டம். இரண்டிலும் அதே மட்டை, அதே பந்து, அதே புல் என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஐரோப்பா அந்த இரண்டாவது ஆட்டத்தை உட்கார்ந்து படித்திருக்கிறது. அமெரிக்கா அவ்வப்போதுதான் படிக்கிறது.

வழக்கமான தொழில்முறைப் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறங்குவார்கள். நான்கு நாள், 72 குழி. மொத்தம் எத்தனை அடி என்று கூட்டி, குறைவாக அடித்தவருக்குக் கோப்பை. அதில் நேருக்கு நேர் எதிராளி என்று யாரும் கிடையாது. பக்கத்தில் நடந்து வருகிறவர் என்ன செய்தாலும் உங்கள் அட்டையில் எழுதப்போவது உங்கள் எண்ணைத்தான். ஒரே குழியில் 9 அடித்துவிட்டால் நான்கு நாள் உழைப்பும் போச்சு. அதனால் எல்லோரும் ஒரு அளவுக்கு ஜாக்கிரதையாகத்தான் ஆடுவார்கள்.

ரைடர் கோப்பை மேட்ச் பிளே. ஒவ்வொரு குழியும் ஒரு தனிப் பந்தயம். நான் 4 அடியில் முடித்து நீங்கள் 5 அடியில் முடித்தால் அந்தக் குழி எனக்கு. நீங்கள் 9 அடித்திருந்தாலும் போவது அந்த ஒரு குழிதான், அடுத்த குழியில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒருவர் வைத்திருக்கும் முன்னிலை, மிச்சமிருக்கும் குழிகளைவிட அதிகமாகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. திரையில் ‘3 அண்ட் 2’ என்று போட்டார்களே, அதன் பொருள் இதுதான்: மூன்று குழி முன்னிலை, ஆட இன்னும் இரண்டு குழிதான் பாக்கி.

அணிக்கு 12 பேர். வெள்ளி, சனி இரண்டு நாளும் இருவர் இருவராக ஜோடி ஆட்டம், நாளுக்கு எட்டு. ஞாயிறு 12 பேரும் தனித்தனியாக ஒருவரோடு ஒருவர். ஆக 28 ஆட்டம், 28 புள்ளி. 14½ எடுத்தால் வெற்றி. 14-14 என்று நின்றால், கோப்பையை ஏற்கெனவே வைத்திருக்கும் அணியிடமே அது இருக்கும். நீங்கள் பார்த்த பெத்பேஜ் மைதானத்தில், கடைசிக் குழியில் ஐரோப்பாவின் ஷேன் லோரி ஒரு பட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) போட்டு, அமெரிக்காவின் ரஸல் ஹென்லியோடு சமன் செய்துவிட்டுக் குதித்தாரே, அந்த அரைப் புள்ளியோடு ஐரோப்பா 14-ஐத் தொட்டது. கோப்பை கையை விட்டுப் போகாது என்பது அந்த நொடியில்தான் உறுதியானது. 15-13 என்ற கணக்கு அப்புறம் வந்தது.

ஜோடி ஆட்டத்திலும் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதல் வகை ஃபோர்பால். நான்கு பேருக்கும் தனித்தனிப் பந்து. ஜோடியில் யார் குறைவாக அடித்தாரோ அவர் கணக்கு எடுபடும். இதில் ஒருவர் சொதப்பினாலும் மற்றவர் காப்பாற்றிவிடலாம். கிட்டத்தட்ட அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடுவதுதான்.

இரண்டாவது வகை ஃபோர்சம்ஸ். ஜோடிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளில் முதல் அடி அடிப்பார், மற்றவர் இரட்டைப்படைக் குழிகளில். என் தப்பை நீங்கள் சரிசெய்ய வேண்டும், உங்கள் தப்பை நான்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆடிப் பார்த்தால்தான் தெரியும். நான் ஆடும் கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை ஃபோர்சம்ஸ் வைப்பார்கள். முதல் தடவை என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவரோடு ஜோடி போட்டார்கள். இரண்டாவது குழியில் நான் அடித்த பந்து வலதுபக்க மரங்களுக்குள் போய்விட்டது. தனியாக ஆடியிருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இப்போது உள்ளே போகிறவர் அவர். வேர் மேல் கிடந்த பந்தைக் குனிந்து பார்க்கிறார், நான் கையைப் பிசைந்துகொண்டு வெளியே நிற்கிறேன். “சாரி சார்” என்றேன். அவர் நிமிர்ந்து, “இன்னிக்கு முழுக்க அந்த வார்த்தையே வேண்டாம் தம்பி. நானும் சொல்ல மாட்டேன்” என்றார். ஃபோர்சம்ஸ் ஆடுகிறவர்களிடையே இது பழைய வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் அடுத்த அடியிலும் தப்பு செய்துவிடக் கூடாதே என்ற பயம் வரும், பயத்தில் அடிப்பது தப்பாகத்தான் போகும். இன்னொன்றும் அன்று புரிந்தது. முறை மாறி மாறி வருவதால் சில சமயம் நாலைந்து குழி வரை ஒரு பட் கூட அடிக்காமல் நடந்துகொண்டிருப்போம். கை மறந்துபோகும். திடீரென்று ஐந்தடி தூரத்தில் பந்து நிற்கும், இப்போது உங்கள் முறை என்பார்கள்.

உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது விலக்கில்லை. 2004-இல் டெட்ராய்ட் பக்கத்திலுள்ள ஓக்லண்ட் ஹில்ஸில் அமெரிக்க கேப்டன் ஹால் சட்டன், டைகர் வுட்ஸையும் ஃபில் மிக்கல்சனையும் ஒரே ஜோடியாக இறக்கினார். அன்றைக்கு அதைவிடப் பெரிய இரண்டு பெயர் அமெரிக்காவில் கிடையாது. காலையில் ஃபோர்பாலில் தோற்றார்கள். மாலை ஃபோர்சம்ஸ், கடைசிக் குழி வரை சமன். மிக்கல்சன் அடித்த முதல் அடி இடதுபக்கம் வெகுதூரம் விலகி, எல்லை வேலிப் பக்கமாகப் போய் நின்றது. அங்கிருந்து ஆட வேண்டியவர் வுட்ஸ். தண்டனை அடி எடுத்துக்கொண்டு பந்தை வெளியே எடுக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டேரன் கிளார்க்கும் லீ வெஸ்ட்வுட்டும் ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து மிக்கல்சன் இதைப் பற்றிப் பேசினார். இரண்டு பேரும் வழக்கமாக ஆடும் பந்துகளின் குணமே வேறு வேறாம். வுட்ஸோடு ஜோடி என்ற தகவல் இரண்டே நாள் முன்புதான் வந்ததாம். அதனால் அணியோடு பயிற்சி எடுக்க வேண்டிய நேரத்தில், வேறொரு மைதானத்துக்குப் போய் வுட்ஸின் பந்தைப் பழகிக்கொண்டிருந்தாராம். அந்த வருடம் முடிவு 18½–9½. திறமைக் குறைவால் வந்த தோல்வி இல்லை அது. யோசிக்க வேண்டியதை யோசிக்காமல் விட்டதால் வந்தது.

இப்போது சமீபத்திய இரண்டு போட்டிகளின் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். 2023-இல் ரோமில் ஐரோப்பா 16½–11½ என ஜெயித்தது. அதில் ஃபோர்சம்ஸ் மட்டும் எடுத்தால் 7–1. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: ஃபோர்பாலும் தனி ஆட்டமும் சேர்ந்து அமெரிக்காவுக்கு 10½, ஐரோப்பாவுக்கு 9½. 2025 பெத்பேஜில் 15–13. ஃபோர்சம்ஸ் 6–2. மிச்சத்தில் அமெரிக்கா 11, ஐரோப்பா 9. இரண்டு தடவையும், ஒரே பந்தை இருவர் பகிர்ந்துகொள்ளும் அந்த எட்டு ஆட்டம் போக மீதியில் அமெரிக்காதான் அதிகப் புள்ளி எடுத்திருக்கிறது. கோப்பை போனது அந்த எட்டு ஆட்டத்தில்.

நீங்கள் சொன்ன அந்த முதலிடத்துக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமில் அவரும் புரூக்ஸ் கோப்காவும் ஃபோர்சம்ஸில் விக்டர் ஹோவ்லாண்ட், லுட்விக் ஓபெர்க் ஜோடியிடம் ‘9 அண்ட் 7’ என்று தோற்றார்கள். பதினோரு குழியிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அதன்பின் ஷெஃப்லர் கண்கலங்கியதைத் தொலைக்காட்சி காட்டியது. பெத்பேஜில் நான்கு ஜோடி ஆட்டத்திலும் தோல்வி. ஞாயிறு தனியாக இறங்கினார், ஐரோப்பாவின் ரோரி மெக்கில்ராயை ஜெயித்தார். அதே ஆள், அதே வாரம். அவருடைய ஆட்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் ‘கோல்ஃப் தனி ஆள் ஆட்டம்தானே’ என்று கேட்டதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஐரோப்பாவுக்கு மட்டும் இது எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாமுவேல் ரைடர் இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர், விதை வியாபாரி. தோட்ட விதைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பொட்டலம் ஒரு பென்னி என்று தபாலில் விற்றுப் பணக்காரரானவர். ஐம்பது வயதையொட்டி, உடம்புக்கு நல்லது என்று கோல்ஃப் பழகத் தொடங்கி, அதிலேயே கிறுக்குப் பிடித்துப்போனவர். ஏப் மிட்செல் என்ற தொழில்முறை ஆட்டக்காரரைச் சம்பளத்துக்கு வைத்துக் கற்றுக்கொண்டார். தங்கக் கோப்பையின் உச்சியில் நின்று மட்டை பிடித்திருக்கும் சிறு உருவம் அந்த மிட்செல்தான். முதல் போட்டி 1927-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில். பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்க வேண்டிய மிட்செல், குடல்வால் அழற்சியால் கப்பல் ஏற முடியவில்லை. அமெரிக்கா 9½–2½ என ஜெயித்தது. கோப்பையில் இருப்பவர் முதல் போட்டியில் இல்லாமல் போனது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கும்.

அந்தக் காலத்தில் எதிரணி ‘ஐரோப்பா’ கிடையாது, பிரிட்டன்தான் (1973 முதல் பெயரில் அயர்லாந்தும் சேர்ந்தது). 1929, 1933, 1957 என்று மூன்று தடவை ஜெயித்தார்கள், 1969-இல் ஒரு தடவை சமன். மற்றதெல்லாம் அமெரிக்காதான். 1977 வரை நடந்த 22 போட்டியில் அமெரிக்காவுக்கு 18. அந்த வருடங்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, 1969-ஐத் தவிர.

அந்த வருடம் இங்கிலாந்தில் ராயல் பர்க்டேல் மைதானம். அப்போது மொத்தம் 32 புள்ளி. கடைசி ஆட்டம் டோனி ஜாக்லினுக்கும் ஜாக் நிக்லாஸுக்கும். மற்ற ஆட்டமெல்லாம் முடிந்து இரண்டு அணியும் சமன், இவர்கள் இருவரும் கடைசிக் குழிக்கு வரும்போது அவர்களும் சமன். ஜாக்லின் இரண்டு மாதம் முன்புதான் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்து நாட்டின் செல்லப்பிள்ளையாகி இருந்தார். நிக்லாஸ் நான்கடி தூரத்து பட் ஒன்றை உள்ளே தட்டிவிட்டார். ஜாக்லினுக்கு இரண்டடி பாக்கி. தவறவிட்டால் நாடே அந்த இரண்டடியை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டும். மேட்ச் பிளேயில் ஒரு விதி உண்டு: எதிராளியின் பட்டை ‘அடிக்க வேண்டாம், போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுக்கொடுக்கலாம். நிக்லாஸ் குழியிலிருந்து தன் பந்தை எடுத்த கையோடு, ஜாக்லினின் பந்து குறித்த காசையும் எடுத்து நீட்டினார். நீங்கள் தவறவிட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் அந்த வாய்ப்பை உங்களுக்கு நான் தர மாட்டேன் என்ற பொருளில் சொல்லிக் கையையும் கொடுத்தார். 16–16. வரலாற்றிலேயே முதல் சமன்.

அமெரிக்க கேப்டன் சாம் ஸ்னீடுக்கு இது பிடிக்கவில்லை. கோப்பை அமெரிக்காவிடமே இருக்கப்போவது தெரிந்திருந்தும், ஜெயிக்க வந்துவிட்டு விட்டுக்கொடுப்பதா என்று கோபம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நான் அவர்களோடு சேர மாட்டேன். நிக்லாஸுக்கு அது முதல் ரைடர் கோப்பை, வயது 29. பின்னாளில் இருவரும் சேர்ந்து ஃபுளோரிடாவில் ஒரு மைதானம் வடிவமைத்தார்கள். அதற்கு வைத்த பெயரே ‘கன்செஷன்’, அதாவது விட்டுக்கொடுத்தல்.

அதே நிக்லாஸ்தான் 1977-இல் இன்னொரு காரியம் செய்தார். பிரிட்டனை இப்படி ஒவ்வொரு தடவையும் அடித்துக்கொண்டிருந்தால் இந்தப் போட்டியை யார் பார்ப்பார்கள், ஐரோப்பா முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டிஷ் சங்கத்தின் தலைவர் டெர்பி பிரபுவுக்குச் சொன்னார். 1979 முதல் கண்டத்து ஆட்டக்காரர்களும் வந்தார்கள். முதல் வருடம் வந்தவர்கள் இரண்டே ஸ்பானியர்கள்: அன்டோனியோ காரிடோ, செவே பாயஸ்தெரோஸ்.

செவே வந்த பிறகுதான் இது இன்றைய ரைடர் கோப்பை. வட ஸ்பெயினின் கடலோரக் கிராமத்துப் பையன். மூன்றாம் நம்பர் இரும்பு மட்டை ஒன்றை வைத்துக் கடற்கரை மணலில் ஆடக் கற்றவர். அமெரிக்கர்கள் தன்னையும் தன் ஆட்களையும் சமமாக மதிக்கவில்லை என்ற கோபம் அவருக்குள் எப்போதும் இருந்தது. 1983-இல் ஃபுளோரிடாவில் ஐரோப்பா ஒரே புள்ளியில் தோற்றது, 14½–13½. அறையில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது செவே உள்ளே வந்து, இது தோல்வியே இல்லை, அவர்கள் மண்ணில் இவ்வளவு நெருங்கிவிட்டோம், கொண்டாட வேண்டிய நாள் என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு பேசியதை அந்த அணியில் இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது கேப்டன் யார் தெரியுமா? விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த இரண்டடியின் சொந்தக்காரர் டோனி ஜாக்லின். 1985-இல் இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் 28 வருடத்துக்குப் பிறகு வெற்றி. 1987-இல் நிக்லாஸ் கட்டிய மைதானத்தில், நிக்லாஸ் கேப்டனாக இருந்த அணியை, அமெரிக்க மண்ணில் முதன்முறையாகத் தோற்கடித்தார்கள்.

அந்த 1987-இல்தான் செவேயும் இளைஞர் ஹோசே மரியா ஒலசபலும் ஜோடி சேர்ந்தார்கள். இருவரும் சேர்ந்து ஆடியது 15 ஆட்டம், 11 வெற்றி, 2 சமன், 2 தோல்வி. எந்த ஜோடியும் இதன் பக்கத்தில் கூட வந்ததில்லை. ஐரோப்பா இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது. நம்மிடம் 12 சிறந்த ஆட்டக்காரர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாலைந்து சிறந்த ஜோடிகளைச் செய்துகொள்ள முடியும்.

அந்த வேலையை இன்று வரை விடாமல் செய்கிறார்கள். துணைக் கேப்டனாக இருந்தவர் அப்புறம் கேப்டன் ஆகிறார், அதனால் ஒருமுறை கற்றது தொலைவதில்லை. 2023, 2025 இரண்டிலும் கேப்டனாக இருந்த லூக் டொனால்டின் அணியில் புள்ளிவிவரம் பார்ப்பதற்கென்றே எடோர்டோ மோலினாரி துணைக் கேப்டனாக இருந்தார். யாருடைய முதல் அடி யாருடைய இரண்டாவது அடிக்கு ஒத்துவரும், எந்தக் குழியில் யார் தொடங்க வேண்டும் என்றெல்லாம் மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறார்கள். பெத்பேஜுக்கு முன்னால் டொனால்ட், ஓட்டல் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று அதை அடைக்கச் சொன்னார், படுக்கை விரிப்பை மாற்றினார், ஷாம்பூவைக் கூட மாற்றினார். கூட்டத்தின் வசைக்குப் பழக, காதில் திட்டு விழும்படி ஆட்டக்காரர்கள் மெய்நிகர் கண்ணாடி போட்டுப் பயிற்சி எடுத்தார்கள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. சனிக்கிழமை மெக்கில்ராய் மீது விழுந்த வசவுகள் கேட்கவே கூசின. என்னைப் பொறுத்தவரை இந்தப் போட்டியின் வரலாற்றில் அது ஒரு கறை.

‘பல நாடு ஒன்றுசேர்ந்தால் தானாக வேகம் வந்துவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரசிடென்ட்ஸ் கோப்பையைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு எதிராக, ஐரோப்பா தவிர்த்த மற்ற உலகம் ஆடுவது. அங்கேயும் பல நாடு, பல மொழி. 1994-இல் தொடங்கியதிலிருந்து அந்த அணி ஜெயித்தது 1998-இல் மெல்போர்னில் ஒரே ஒரு தடவை. 2015-இல் கொரியாவில் மிக நெருங்கியது. நம் அனிர்பன் லாஹிரி கடைசிக் குழியில் நான்கடி தூர பட்டைத் தவறவிட்டார், கிறிஸ் கிர்க் அந்த ஆட்டத்தை ஜெயித்தார். போட்டி 15½–14½ என அமெரிக்காவுக்குப் போனது. லாஹிரியை மட்டும் குறை சொல்வது தப்பு. 30 ஆட்டத்தில் அரைப் புள்ளி எங்கெங்கோ போயிருக்கும், கடைசிக் குழியில் நின்றவர் மேல் கண்கள் விழும்.

கடைசியில் நிற்பவர் என்றதும் எனக்கு இரண்டு ஜெர்மானியர்கள் நினைவுக்கு வருவார்கள். 1991, தென் கரோலினாவின் கியாவா தீவு. முழுப் போட்டியும் பெர்ன்ஹார்ட் லாங்கரின் ஆறடி பட்டில் வந்து நின்றது. போனால் 14–14, கோப்பை ஐரோப்பாவுக்கு. பந்து போக வேண்டிய வழியில் காலணி ஆணிகளின் தடம். பந்து குழியின் வலதுபக்கமாக விலகிப் போயிற்று. வாயைப் பிளந்து, உடம்பை வளைத்து அவர் அலறிய படம் உலகம் முழுக்கப் போனது. மறுவாரம் ஜெர்மனியில் ஒரு போட்டியில் இறங்கி, அதை ஜெயித்தார். இருபத்தொரு வருடம் கழித்து 2012, சிகாகோ பக்கம் மெடினா. சனிக்கிழமை மாலை ஐரோப்பா 10–4 எனப் பின்தங்கி இருந்தது. அப்போது ஆட்டக்காரராக இருந்த டொனால்டும் செர்ஜியோ கார்சியாவும் ஒரு புள்ளி காப்பாற்றினார்கள். இயன் போல்டர் இருட்டும் நேரத்தில் கடைசி ஐந்து குழியிலும் பேர்டி (குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) அடித்து இன்னொன்று கொண்டுவந்தார். 10–6. கேப்டன் ஒலசபல், முந்தைய வருடம் இறந்துபோன தன் ஜோடி செவேயின் நினைவாக, ஞாயிறன்று அணிக்கு அவருக்குப் பிடித்த கருநீலமும் வெள்ளையும் உடுத்தக் கொடுத்தார். 12 தனி ஆட்டத்தில் 8½ வந்தது. கோப்பையை உறுதிசெய்யும் பட் மார்ட்டின் கைமருக்கு. ஜெர்மானியர், ஏறத்தாழ அதே ஆறடி. உள்ளே போனது.

அமெரிக்காவுக்கு இது வராது என்று அர்த்தமில்லை. 2008-இல் பால் அசிங்கர் தன் 12 பேரைக் குணம் பார்த்து நான்கு நான்கு பேராகப் பிரித்து, வாரம் முழுக்க அவர்களைச் சேர்ந்தே பழகவிட்டார். 16½–11½ என ஜெயித்தார்கள். அடுத்த தடவை வேறு கேப்டன் வந்தார், அந்த முறை போய்விட்டது. 2016-இலும் 2021-இலும் சொந்த மண்ணில் பெரிதாக ஜெயித்தார்கள். சொந்த மண் என்பதும் சும்மா இல்லை, மைதானத்தைத் தயார் செய்வது உள்ளூர் கேப்டனின் உரிமை. 2018-இல் பாரிஸில் ஐரோப்பா புல்லை வளர்த்து, நேரே அடிக்காதவனுக்கு வழியே இல்லாமல் செய்தது. 2014 முதல் 2023 வரை ஐந்து தடவையும் உள்ளூர் அணிதான் ஜெயித்தது. பெத்பேஜில் அந்த வரிசை உடைந்ததால்தான் அந்த வெற்றியை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். பணத்தையும் நீங்கள் யோசித்திருக்கலாம். போட்டிக்குப் பரிசுப் பணம் கிடையாது. 2025-இல் அமெரிக்கர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள், அதில் 3 லட்சம் தர்ம காரியங்களுக்கு. ஐரோப்பியர்கள் ஒன்றும் வாங்கிக்கொள்வதில்லை. தோல்விக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது சுலபமான முடிவு.

அடுத்தது 2027 செப்டம்பரில், அயர்லாந்தின் அடேர் மேனரில். முதல் போட்டி நடந்து சரியாக நூறு வருடம். அங்கே காலை ஆட்டம் தொடங்கும்போது நமக்கு மதியம்தான், தூக்கம் கெடாமல் பார்க்கலாம். ஃபோர்சம்ஸைத் தவறவிடாதீர்கள். பந்தை அடிக்கிறவரைக் கேமரா காட்டும், அவரை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளிக் கைகட்டி நிற்கும் ஜோடிக்காரரைப் பாருங்கள். பந்து புதருக்குள் போனதும் அவர் எந்த முகத்தோடு நடக்கத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். அடுத்த அடி அவருடையது.